மறுமொழி: ‘செயற்கைப் பவளப்பாறை’க்கு மாற்றாக ‘பார்’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மீன்கள் தங்குவதற்காகக் கடலடியில் இறக்கும் கான்கிரீட் கூடுகளை ஆங்கிலத்தில் ஆர்ட்டிஃபிஷியல் ரீஃப் என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக, அதற்குச் ‘செயற்கைப் பார்’ என்று நான் முன்மொழிந்ததும் வந்த முதல் கேள்வி, “டாஸ்மாக்கோடு சேர்ந்ததா, தனிக் கடையா?” என்பது. நானும் சிரித்தேன். அந்தக் கேலிக்குள் ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சொல் எனக்கு எங்கே இடறியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றுக்காகத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்தேன். கடலடியில் கான்கிரீட் கூடுகளை இறக்கப் போகிறார்கள், அந்த இடத்தில் இழுவை மடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) போடாதீர்கள் என்பதுதான் செய்தி. நாளிதழ்கள் எழுதுகிற மாதிரியே நானும் ‘செயற்கைப் பவளப்பாறை’ என்று எழுதிக் கொடுத்தேன். அச்சுக்குப் போகும் முன் ஊர்ப் பெரியவர் ஒருவர் படித்தார். “தம்பி, இதுல பவளம் எங்க இருக்கு? சிமிண்டுதான இறக்குறாங்க?” என்றார். வேறு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். “பாருன்னு போடுங்க. புதுசா பாரு போடுறாங்கன்னா எல்லாருக்கும் விளங்கும்.”

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், பிழை அவர் சொன்னதைவிடப் பெரியது என்று உறைத்தது. ரீஃப் என்றால் பவளம் என்று நாம் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாகும் திட்டும் ரீஃப்தான், வெறும் பாறையும் ரீஃப்தான். ‘ஆய்ஸ்டர் ரீஃப்’ வந்தால் ‘சிப்பிப் பவளப்பாறை’ என்று எழுதுவோமா? ‘பவளப்பாறை’ என்பது கோரல் ரீஃபுக்குப் பொருத்தமான சொல். அதை வெறும் ரீஃபுக்கும் இழுத்துப் போர்த்தியதில்தான் சிமிண்டுக் கூட்டுக்குக்கூடப் பவளம் முளைத்துவிட்டது.

மீனவர்கள் பார் என்று சொல்வது, மணலும் சேறும் இல்லாமல் கல்லாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும் கடலடித் தரையை. அதன்மேல் பவளம் வளர்ந்திருக்கலாம், சிப்பி ஒட்டியிருக்கலாம், பாசியும் கடற்பஞ்சும் மட்டுமே இருக்கலாம். களவாய், விளமீன் போன்ற மீன்களும் சிங்கி இறாலும் ஒதுங்கும் இடம் அது. வலை சிக்கினால் கிழியும் இடமும் அதுதான், அதனால் அங்கே தூண்டில்தான் போடுவார்கள். மீனுக்கு ஒதுங்க இடம், இழுவை மடிக்குத் தடை என்ற இரண்டும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. கான்கிரீட் கூட்டை இறக்குவதும் இந்த இரண்டுக்காகத்தான். அரசு ஆவணங்களில் வரும் ‘செயற்கை மீன் உறைவிடம்’ பிழையான சொல் இல்லை. ஆனால் அது மீனை மட்டும் சொல்கிறது, தரையைச் சொல்லவில்லை. அப்புறம், படகில் நின்றுகொண்டு யாரும் “உறைவிடத்துக்குப் போவோம்” என்று கூவப் போவதில்லை.

“இது கொச்சை வழக்கு, கலைச்சொல் ஆகாது” என்று ஒருவர் எழுதியிருந்தார். இதை நான் ஏற்கவில்லை. புறநானூற்றின் 14ஆம் பாட்டில் ‘பாருடைத்த குண்டகழி’ வருகிறது. வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய ஆழமான அகழி. பார் என்றால் வன்னிலம் என்று கரையில் நாம் தொலைத்த அர்த்தத்தைக் கடற்கரைக்காரர்கள் கடலடியில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அறிவியலிலும் இது புதிது இல்லை. 1903 முதல் 1906 வரை இலங்கை அரசுக்காக மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி வளம் பற்றி விலங்கியலாளர் ஹெர்ட்மன் வெளியிட்ட அறிக்கைகளைப் பாருங்கள். கடலடித் திட்டுக்கு ‘பேங்க்’ என்ற ஆங்கிலச் சொல் கையில் இருந்தும், ஒவ்வோர் இடத்தையும் பெரிய பார், வங்காலைப் பார் என்றே குறித்திருக்கிறார். இந்தப் பக்கம் தூத்துக்குடிக்கு நேரே தொலையிரம் பார். அங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். ஆங்கில ஆய்வறிக்கையில் ஏறிய சொல் நம் பாடநூலில் ஏறவில்லை.

கள்ளக்கடலை நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே எங்கோ பெருங்கடலில் வீசிய புயலில் எழுந்த அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, நம் கரையில் காற்றே இல்லாத நாளில் திருடனைப்போல ஏறி வரும். கேரள மீனவர்களின் இந்தப் பேச்சுச் சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. இன்று கன்னியாகுமரிக்கு வரும் எச்சரிக்கைகளிலும் அதே சொல்தான். அதை யாரும் ‘நெடுந்தொலைவு அலையெழுச்சி’ என்று திருத்தவில்லை, நல்ல வேளை.

சரி, டாஸ்மாக்குக்கு வருவோம். தனியாக நிற்கும்போது ‘பார்’ குழப்பும்தான். அது வினையாகவும் வரும், உலகத்தையும் குறிக்கும், மதுக்கூடமும் ஆகும். ஆனால் கலைச்சொற்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. முத்துப்பார், சிப்பிப்பார், செயற்கைப்பார் என்று ஒட்டி எழுதினால் யாருக்கும் தாகம் எடுக்காது. யாழ்ப்பாணத்தில் கச்சான் என்றால் நிலக்கடலை, கடலுக்குப் போகிறவருக்கு மேல்காற்று. “கச்சான் அடிக்குது” என்றால் எவரும் கடலை வறுபடுவதாக நினைப்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே இடிப்பது பன்மை. ‘பார்கள்’ என்று எழுதினால் மதுவிலக்குச் செய்தி மாதிரியே இருக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, மீனவர்கள் செய்வதுபோல ஒருமையிலேயே விடுவது. நாலு பார், அஞ்சு பார். இலக்கணம் அஃறிணையில் இதற்கு இடம் தருகிறது. இதைவிட நல்ல யோசனை இருந்தால் சொல்லுங்கள்.

பட்டியலில் ஏற்ற நான் கேட்பது இவ்வளவே. ரீஃப் பொதுவாக வந்தால் பார். ஆர்ட்டிஃபிஷியல் ரீஃப், செயற்கைப்பார் (ஒரே சொல்லாக). ஆய்ஸ்டர் ரீஃப், சிப்பிப்பார். கரையை ஒட்டி வளரும் ஃப்ரிஞ்சிங் ரீஃபுக்குக் கரைப்பார், கரையிலிருந்து விலகி அரணாக நிற்கும் பேரியர் ரீஃபுக்கு அரண்பார். கோரல் ரீஃப் மட்டும் ‘பவளப்பாறை’யாகவே இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் வரை ஊறிப்போன சொல்லோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. அட்டோலில் (வளையமாக அமைந்த பவளத்தீவு) நான் கை வைக்கவில்லை. அதுவே மாலத்தீவுக்காரர்களின் பேச்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நான் கேட்டதெல்லாம் தென்கடற்கரை வழக்கு. பழவேற்காட்டிலோ நாகப்பட்டினத்திலோ உறவினர் இருப்பவர்கள், அங்கே கடலடிக் கல்தரையை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? கேட்கும்போது ரீஃப், பவளப்பாறை என்றெல்லாம் நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். “களவாய் எங்கே கிடைக்கும்?” என்று மட்டும் கேளுங்கள், சொல் தானாக வரும்.

அன்புடன்,
பட்டியலைத் தொகுப்பவன்