மட்டக்களப்பில் பறவை பார்க்கும் குழு: ஐப்பசியிலிருந்து சித்திரை வரை என்ன செய்யலாம்?

கழுதாவளை ரீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையில் பறவை பார்க்கிற சின்னக் குழு ஒன்று வைத்திருக்கிறோம். பெரும்பாலும் தரம் 10, 11 பிள்ளைகள், அவர்களின் அம்மாமார் சிலர், ஓய்வுபெற்ற தபால்கார ஐயா ஒருவர். போன வருடம் மாதம் ஒரு பேச்சு வைத்தோம். முதல் கூட்டத்துக்குக் கதிரை போதவில்லை, நாலாவதுக்கு வந்தது ஆறு பேர். இருட்டறையில் படம் படமாகக் காட்டி ஆங்கிலப் பெயரையும் விஞ்ஞானப் பெயரையும் சொல்லிக்கொண்டு போனால் பிள்ளைகள் எவ்வளவு நேரம்தான் இருப்பார்கள்?

போன கிழமை ஒரு பிள்ளை சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு குருவியைக் கொண்டுவந்தாள். விடியப்புறம் விறாந்தையில் விழுந்து கிடந்ததாம். முதுகு பச்சை, வாலுக்குக் கீழே நல்ல சிவப்பு, கண்ணுக்கு மை இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு, வால் மட்டும் கட்டை. ஆறுமணிக்குருவி என்றார் தபால்கார ஐயா. அன்றைக்கு அந்தப் பெட்டியைச் சுற்றி நின்ற கூட்டம் எங்கள் பேச்சு எதற்கும் வந்ததில்லை. பிள்ளை சொண்டைத் திறந்து தண்ணீர் பருக்கினாள், அன்றிரவே அது செத்துப்போனது. இன்னும் அழுகிறாள்.

வெளிநாட்டுப் பறவைகள் வரத் தொடங்கிவிட்டன, கார்த்திகை மார்கழியில் மழை விடாது, எங்களிடம் இரண்டு பைனாகுலர்தான் இருக்கிறது. எந்த மாதம் என்ன கதைக்கலாம், எங்கே கூட்டிப்போகலாம்? அந்தக் குருவிக்கு நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்?

படுவான்கரையான்:

ரீச்சர், முதலில் களத்துக்குப் போங்கள், கதை பிறகு. இப்போது விதைப்புக் காலம். உழவு மெசினுக்குப் பின்னால் கொக்கு நடக்கும், வேலிக் கம்பியில் பழுப்புக் கீச்சான் வந்து குந்தும், வயலுக்கு மேலே மீசை ஆலா தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். இதெல்லாம் பிள்ளைகள் தினமும் தாண்டிப் போகிற காட்சிதான், ஒருவர் நின்று கையை நீட்டிக் காட்டினால் போதும். வலையிறவுப் பாலம், மண்முனைப் பாலம் இரண்டுக்கும் காலை ஆறு மணிக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஓரக் கல்லில் ஒரு உள்ளான் நின்று பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஒன்றைப் பத்து நிமிடம் பார்க்க விடுங்கள். மறுகா மரத்தடியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டே அது எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று சொன்னால் அதுவே பேச்சு.

பெயர் விசயத்தில் ஒரு யோசனை. புலுனி, செம்பகம், ஆட்காட்டி, கூழைக்கடா என்று எங்களிடம் பெயர் இருக்கிறதே. பிள்ளைகள் தங்கள் அம்மம்மாவிடம் கேட்டு எழுதிவரட்டும். பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும், ஆங்கிலப் பெயரைப் பிறகு பக்கத்தில் எழுதலாம்.

உன்னிச்சைப் பக்கம் விடியற்காலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், யானை நிற்கும். களப்பு ஓரத்திலும் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள், முதலை இருக்கிறது.

கல்லடிக்காரி:

மழை மாதத்தைப் பழுதாக்க வேண்டாம் ரீச்சர், எண்ணப் பழகுவதற்கு அதுதான் நல்ல காலம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது, ஒவ்வொரு ஜனவரியிலும் பல நாடுகளில் ஒரே காலத்தில் நடக்கிறது, இலங்கையிலும்தான். மார்கழியில் வாசிகசாலைக்குள்ளேயே ஒரு சுளகில் பயறு கொட்டி ஐந்து விநாடி காட்டி மூடிவிடுங்கள். எத்தனை என்று கேளுங்கள். முதல் தடவை ஒருவன் ஐம்பது என்பான், ஒருத்தி முந்நூறு என்பாள். பிறகு பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்தப் பத்துப் பத்தாகப் பார்வையை நகர்த்தப் பழக்குங்கள். நாலு கிழமையில் நெருங்கிவிடுவார்கள். வெளியே போனால் ஒருவர் எண்ண வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், பறந்துபோய் மற்றப் பக்கம் இறங்கிய கூட்டத்தைத் திருப்பி எண்ணக் கூடாது. முக்கியமாக ஒரே இடம், ஒரே மாதம், வருடா வருடம். ஒரு வருடக் கணக்கு மட்டும் இருந்தால் களப்பு நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 பாருங்கள், எட்டு மடங்கு பெருப்பிக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீற்றர் அகலம். பத்து மடங்கு பெருப்பிப்பது பிள்ளைகளின் கையில் ஆடும்.

பொத்துவில் தம்பி:

ரீச்சர், நான் இரண்டு விசயம் சொல்கிறேன். ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து இரவில் பறந்து வருகிறது. களைத்து இறங்கும்போது வீட்டு வெளிச்சத்திலும் கண்ணாடியிலும் அடிபட்டு விழும். அப்படிக் கண்டால் துளை போட்ட மட்டைப் பெட்டிக்குள் ஒரு துணி விரித்து வைத்து, மூடி, இருட்டில், சத்தமில்லாத இடத்தில் விட வேண்டும். சொண்டுக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தெளிந்தால் பின்னேரம் ஒரு பற்றைக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். அடிபட்டிருந்தால் மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், எங்கள் வீட்டிலும் நாலு வருடத்துக்கு முதல் இதே மாதிரித்தான் தண்ணீர் ஊற்றினோம், ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

மற்றது குமண தேசியப் பூங்கா. 2010இல் ராம்சார் ஈரநிலமாக்கிய இடம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்த இடம். அங்கே வில்லு என்கிற ஆழமில்லாத நீர்நிலைக்குள் கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுவதைப் பார்க்க மே, ஜூன்தான் நல்லது. அது சித்திரைக்குப் பிறகு, ஜீப் பிடிக்கச் செலவும் இருக்கிறது, அதனால் பருவத்தின் கடைசிப் பயணமாக வைத்துக் காசு சேருங்கள். ஆனால் கூட்டுக்குக் கிட்டப் போக வேண்டும் என்று ஒருவரும் அடம்பிடிக்கக் கூடாது. தாய் எழும்பிப் போனால் அந்த வெயிலில் குஞ்சு தாங்காது.

கழுதாவளை ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வாற சனிக்கிழமை மண்முனைப் பாலத்துக்குப் போகிறோம், பேச்சு அங்கேயே. மார்கழிக்குச் சுளகும் பயறும் சரி, ஜனவரிக்கு எந்த இடம் என்று தபால்கார ஐயாவோடு கதைத்து முடிவு செய்கிறேன். தம்பி எழுதியதை அந்தப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்த குருவியை என்ன செய்வது என்று சனிக்கிழமை தானே சொல்கிறேன் என்றாள். துளை போட்ட பெட்டி ஒன்று இப்போது வாசிகசாலை அலுமாரிக்கு மேலே இருக்கிறது, அவள்தான் துணி விரித்து வைத்தாள்.