ஃபைல் படிச்சா அண்டிஃபைன்ட் வருது, அவசரம்!!

கத்துக்குட்டி: ஃப்ரெண்ட்ஸ், நாளைக்கு ப்ராஜெக்ட் காட்டணும். ஜாவாஸ்கிரிப்ட்ல ஃபைல்ல இருந்து மெனு எடுத்து ரிட்டர்ன் பண்றேன், அண்டிஃபைன்ட்னே (மதிப்பே இல்லன்னு) வருது. எரரும் இல்ல. கால்பேக்கெல்லாம் (வேலை முடிஞ்சதும் கூப்பிடச் சொல்லிக் குடுக்கிற ஃபங்ஷன்) குடுத்துத்தான் இருக்கேன். ப்ளீஸ்

வேலூர்_பையன்: பிரவுசர்லயா, இல்ல பிரவுசர் இல்லாம ஓட்டுற நோட்ஜேஎஸ்லயா? கோட் போடுங்க ப்ரோ, பாக்காம எப்படி சொல்றது

ஸ்க்ரிப்ட்_ராணி: ஃபைல் பாத் தப்பா இருக்கும். எந்த ஃபோல்டர்ல நின்னு ரன் பண்றீங்களோ அங்கதான் தேடும், எனக்கு எப்பவும் இதான் பிரச்சனை

கத்துக்குட்டி: நோட்ஜேஎஸ். மேல லெட் மெனு, அப்புறம் ஃபைல் படிக்கிற எஃப்எஸ் ரீட்ஃபைல், அதோட கால்பேக்ல மெனு = ஜேசன் பார்ஸ் (படிச்ச எழுத்த டேட்டாவா மாத்துறது), கீழ ரிட்டர்ன் மெனு. உள்ள கன்சோல் லாக் போட்டா சரியா வருது, வெளியதான் வரல

வேலூர்_பையன்: அப்ப பாத் இல்ல. செட்டைம்அவுட் 500 போட்டு, அரை செகண்ட் கழிச்சு மெனுவ எடுங்க, வந்துரும்

பழைய_கோடர்: டிஸ்க் மெதுவா இருந்தா 500ம் பத்தாது. இதெல்லாம் முதல் பாடம் தம்பி, படிச்சிட்டு வந்து கேளு. ரீட்ஃபைல் வேலைய ஆரம்பிச்சு விட்டுட்டு உடனே திரும்பிடும், அடுத்த வரியே உன் ரிட்டர்ன், அப்ப மெனுவுல ஒண்ணும் இருக்காது. ஓடிட்டு இருக்கிற கோட் மொத்தமும் முடிஞ்சு கால் ஸ்டேக் (ஓடிட்டு இருக்கிற ஃபங்ஷன்களோட அடுக்கு) காலியான பிறகுதான் ஈவென்ட் லூப் (காத்திருக்கிற வேலைகள ஒவ்வொண்ணா எடுத்து ஓட்டுறது) உன் கால்பேக்க கூப்பிடும். செட்டைம்அவுட்ல 0 குடுத்தாலும் அப்படித்தான். ரிட்டர்ன கால்பேக் உள்ள வச்சாலும் பிரயோஜனம் இல்ல, அது உன் ஃபங்ஷனுக்கு வராது. உன் ஃபங்ஷனே ஒரு கால்பேக் வாங்கட்டும், டேட்டா வந்ததும் அதுல குடு. முதல் ஆர்கியுமென்ட் எரர், அத செக் பண்ணு.

ஸ்க்ரிப்ட்_ராணி: அசிங்க் அவெய்ட் (வேலை முடியற வரைக்கும் அந்த ஃபங்ஷன மட்டும் நிறுத்தி வைக்கிறது) 2017லயே வந்தாச்சு, இன்னும் எதுக்கு கால்பேக்? ப்ராமிஸ் (மதிப்ப அப்புறம் தர்றேன்ங்கிற வாக்கு) திருப்புற எஃப்எஸ் ப்ராமிசஸ் எடுத்து அவெய்ட் போட்டா ஒரே வரி

பழைய_கோடர்: அந்த ஃபங்ஷனும் ப்ராமிஸ்தான் திருப்பும், கூப்பிடுறவனும் அவெய்ட் பண்ணணும். அடிப்படை புரியாம அங்க போனா ஃபார்ஈச்சுக்குள்ள (லிஸ்ட்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபங்ஷன ஓட்டுறது) அவெய்ட் போட்டுட்டு ஏன் காத்திருக்கலன்னு வந்து நிப்பாங்க.

ஸ்க்ரிப்ட்_ராணி: அதுக்குப் பதிலா ஃபார் ஆஃப் லூப் போட சொல்லிக் குடுங்க, முடிஞ்சுது. அதுக்காக புதுசா வர்றவங்கள அடுக்கடுக்கா கால்பேக் எழுத விடணுமா? முதல் பாடம்னு விரட்டுறதையும் விடுங்க, கேக்கவே பயப்படுவாங்க

கத்துக்குட்டி: என் ஃபங்ஷன் பேரு மெனுஎடு, கால்பேக் பேரு காட்டு. மெனுஎடு(காட்டு()) னு குடுத்தேன், இப்ப கால்பேக் இஸ் நாட் எ ஃபங்ஷன்னு எரர் வருது

வேலூர்_பையன்: காட்டுக்கு பக்கத்துல இருக்கிற அடைப்புக்குறிய எடுங்க. அது இருந்தா காட்டு அங்கயே ஓடிரும், அது திருப்புனதுதான் உள்ள போகும், நீங்க ஒண்ணும் திருப்பலன்னா அண்டிஃபைன்ட். பேர மட்டும் குடுங்க

கத்துக்குட்டி: வந்துருச்சு!! நன்றி

பழைய_கோடர்: எரர் செக் போட்டியா?