ஜெர்மனியிலிருந்து மற்ற ஐரோப்பிய நாடுகளுக்குத் தேயிலை பார்சல்: எந்தக் கூரியர்?

குன்னூர்_அக்கா
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சிறு விவசாயிகள் குழுவின் ஆர்த்தடாக்ஸ் தேயிலை (இலையை முறுக்கிச் செய்வது) மொத்தமாக ஸ்டுட்கார்ட் போய்ச் சேர்கிறது. கஸ்டம்ஸ், வரி எல்லாம் அங்கேயே கட்டி முடிந்துவிடும். அங்கே 250 கிராம் பைகளில் அடைத்து பிரான்ஸ், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பணும். ஒரு பார்சல் 1 முதல் 3 கிலோ, மாதம் சுமார் 30. டிஎச்எல், டிபிடி, ஹெர்மஸ், யுபிஎஸ் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எது சரிப்படும்? கூடவே சாக்லேட்டும் நீலகிரித் தைலமும் வைக்கலாமா?

கோத்தகிரி_சரக்கு
அக்கா, முதலில் டேப்பை எடுத்துப் பெட்டியை அளங்க, எடை அப்புறம். முறுக்கின இலை இடத்தை அடைக்கும். 3 கிலோவை, கையில் இருக்கிறதே என்று 40×30×30 செ.மீ. பெட்டியில் போட்டால் 36,000 கன செ.மீ. அதை 5,000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. யுபிஎஸ், டிஎச்எல் எக்ஸ்பிரஸ் இரண்டும் இந்த வால்யூம் வெயிட்டுக்குத்தான் காசு வாங்கும். அதே 12 பையை 35×25×20-க்குள் அடக்கினால் 3.5 கிலோதான்.

டிஎச்எல் என்ற பெயரில் இரண்டு தனி சேவை இருக்கு, குழப்பிக்காதீங்க. எக்ஸ்பிரஸ் விமானத்துக்கானது, விலை அதிகம். உங்களுக்குத் தேவை தபால் பக்கத்து டிஎச்எல் பாக்கெட்: 31.5 கிலோ, 120×60×60 செ.மீ. வரை எடுப்பாங்க. 2 கிலோவுக்குள் 'பெக்ஷென்' என்று மலிவாக ஒன்று காட்டும். அது தொலைந்தால் இழப்பீடு கிடையாது. பாக்கெட் என்றால் 500 யூரோ வரை பொறுப்பு உண்டு. சில யூரோ மிச்சம் பிடிக்க பெக்ஷென் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஹெர்மஸ் ஜெர்மனியில் மிக நீளமான பக்கத்தையும் மிகக் குட்டையான பக்கத்தையும் கூட்டித்தான் விலை போடும். சின்னதாக, கனமாக இருக்கிற பெட்டிக்கு அது லாபம்.

அடுத்தது, கடைசியில் வீட்டு வாசலில் கொடுப்பது யார் என்று பாருங்க. டிபிடி பிரெஞ்சுத் தபால் நிறுவனத்தின் குழுமத்தைச் சேர்ந்தது. பிரான்ஸ் முழுக்க சொந்த வலை. ஸ்பெயினில் செயூர், இத்தாலியில் பிஆர்டி என்று வேறு பெயரில் அவர்களே. டிஎச்எல் பாக்கெட் பல நாட்டில் உள்ளூர்த் தபாலிடம் கைமாற்றும். பார்சல் அந்தக் கைமாற்றத்தில் நின்றால் ட்ராக்கிங் நகராது, இரண்டு பக்கமும் மற்றவரைக் கைகாட்டுவாங்க. பிரான்ஸுக்கு டிபிடி, நெதர்லாந்துக்கு டிஎச்எல் என்று நாட்டுக்கு ஏற்ப பிரிங்க. ஒரே கம்பெனி என்று பிடிவாதம் வேண்டாம்.

பேக்லிங்க், யூரோசெண்டர் மாதிரி இடைத்தரகர் தளத்தில் விலை குறையும். ஆனால் புகாரை அவர்கள் வழியாகத்தான் கொடுக்க முடியும். கூரியர் நேரடியாக உங்களிடம் பேசாது.

ஊட்டி_பாசல்
சுவிட்சர்லாந்தும் இங்கிலாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே, அதனால் அங்கே காகிதம்தான் முக்கியம். பொருள் விவரத்தில் வெறுமனே 'டீ' என்று எழுதினால் நிறுத்துவாங்க. 'கருப்புத் தேயிலை, 250 கிராம் × 12' என்று விரிவாக ஆங்கிலத்திலோ அந்த நாட்டு மொழியிலோ எழுதி, எச்எஸ் எண் (கஸ்டம்ஸ் பொருளை வகைப்படுத்தும் எண்) 0902.30 போடுங்க. 3 கிலோவுக்கு உட்பட்ட பைகளுக்கான எண் அது. ஸ்டுட்கார்ட்டுக்கு மூட்டையாகப் போனபோது 0902.40 இருந்திருக்கும், பழைய இன்வாய்ஸைப் பார்த்து அப்படியே எழுதிவிடாதீங்க. உற்பத்தி நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே வரணும். ஜெர்மனியில் பை மாற்றினதால் நீலகிரித் தேயிலை ஜெர்மன் சரக்கு ஆகிவிடாது. விற்ற சரக்குக்கு 'கிஃப்ட்' என்று டிக் அடிப்பது பொய் அறிவிப்பு.

சுவிஸில் உணவுப் பொருளுக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) 2.6%. வரி 5 பிராங்குக்குள் இருந்தால் வசூலிப்பதில்லை. அதாவது பொருள் விலையும் அனுப்பும் கட்டணமும் சேர்த்து ஏறக்குறைய 192 பிராங்க் வரை. அதைத் தாண்டினால் வரியோடு கூரியரின் கிளியரன்ஸ் கட்டணமும் வாடிக்கையாளர் தலையில் விழும். இங்கிலாந்தில் 135 பவுண்டுக்குள் என்றால் வாட்டை விற்பவரே விற்கும்போது போட்டு அங்கே கணக்குக் காட்டணும். தேயிலைக்கு 0%, சாக்லேட்டுக்கு 20%. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வம்பை விலைக்கு வாங்காதீங்க.

வெலிங்டன்_பேக்கிங்
தைலம் வேண்டவே வேண்டாம். அது தீப்பற்றும் திரவம், 3-ஆம் வகுப்பு ஆபத்துப் பொருள். தனி ஒப்பந்தம் இல்லாமல் சாதாரணப் பார்சலில் வைத்தால் பிடிபடும்போது பெட்டியோடு போகும். பிடிபடாவிட்டாலும் மூடி ஒரு சொட்டு கசிந்தால் போதும், பக்கத்துப் பைத் தேயிலை முழுக்க யூகலிப்டஸ் வாசம் ஏறிவிடும். தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். பழைய சோப்புப் பெட்டி, மசாலாப் பெட்டி எதையும் மறுபடி பயன்படுத்தாதீங்க. அலுமினியப் படலம் உள்ள பை, ஹீட் சீல், மேலே இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி. பைக்கு மெத்தை தேவையில்லை. டின் என்றால் சுற்றிலும் 5 செ.மீ. காகிதம் திணிங்க.

ஊட்டி சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்கு முன்னாலேயே இளகும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதை அனுப்பாதீங்க. மற்ற மாதத்திலும் திங்கள், செவ்வாயில் அனுப்பினால் வார இறுதியில் கிடங்கில் கிடக்காது.

இன்னொன்று, ஜெர்மனியில் நம் ஊர் மாதிரி ஃப்ளாட் எண் பார்த்து வருவதில்லை. அழைப்பு மணியில் எழுதிய பெயரைத்தான் தேடுவாங்க. அங்கிருக்கிற நம்ம ஆட்களுக்கு அனுப்பும்போது இனிஷியல் ஒன்று, மணியில் வேறு பெயர் என்றால் பார்சல் திரும்பிவிடும். மணியில் இருப்பதையே லேபிளில் போடுங்க. பிரான்ஸுக்கு வாசல் கோட் எண்ணும் செல்போன் எண்ணும் அவசியம்.

குன்னூர்_அக்கா
ரொம்ப நன்றி. தைலத்தை விட்டுவிடுகிறோம். வழியில் பெட்டி நசுங்கினால் எவ்வளவு கிடைக்கும்?

கோத்தகிரி_சரக்கு
லாரி வழி சர்வதேசச் சரக்குக்கு சிஎம்ஆர் ஒப்பந்தப்படி உச்சவரம்பு கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). 3 கிலோவுக்கு ஏறக்குறைய 30 யூரோதான். நல்ல தேயிலை விலைக்கு அது பத்தாது, கம்பெனி தன் விதியில் அதிகம் தருகிறதா என்று முன்பே படிச்சுப் பாருங்க. வெளியே தெரியாத சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் சொல்லணும், ஞாயிறும் விடுமுறையும் கணக்கில்லை. பிரிக்கும் முன் லேபிளோடு ஒரு போட்டோ, பிரித்தபின் உள்ளே ஒன்று எடுக்கச் சொல்லி வாடிக்கையாளருக்கு ஒரு துண்டுச் சீட்டு பெட்டியிலேயே வைங்க. காலி அட்டைப்பெட்டியையும் புகார் முடியும் வரை தூக்கிப் போடக் கூடாது, கேட்டுப் பார்ப்பாங்க.