வால்யூம் குமிழ் எட்டு மணி நிலையைத் தாண்டாத வால்வு ப்ரீஆம்ப்: கெயினைக் குறைத்தவர்கள் சொல்லுங்கள்

கிரிட்லீக்:
12ஏஎக்ஸ்7 வால்வு போட்ட லைன் ப்ரீஆம்ப், சிடி பிளேயருக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில். ராத்திரி கேட்கிற அளவுக்குக் குறைத்தால் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது, வலது ஊமை. குமிழின் அடிக்கோடியில் இடது, வலதுக்கான இரண்டு டிராக்கும் ஒத்துப்போகாதே! சிடி தருவதே 2 வோல்ட், பவர் ஆம்புக்கு 1 வோல்ட் போதும். நடுவில் 60 மடங்கு பெருக்கும் கெயின் எதற்கு? வால்வின் பிளேட் ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், கேத்தோடு ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம். கேத்தோடு பைபாஸ் கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றியதும் கெயின் 32 ஆனது. குமிழ் இன்னும் கொஞ்சம் திரும்புகிறது, அவ்வளவுதான்.

ஓம்காரன்:
கெயினைப் பாதியாக்கிய அந்த 6 டெசிபெலுக்கு விலை உண்டு. அவுட்புட் இம்பிடன்ஸ் (வெளியே தரும் பக்கத்தின் உள் தடை) 38லிருந்து 68 கிலோ ஓமுக்கு ஏறிவிடும். பிளேட்டிலிருந்து நேராக எடுத்த ஒரு செட்டில் கேபிள் 300 பிக்கோஃபாரட், பவர் ஆம்ப் இன்புட் 100 கிலோ ஓம். 13 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் சரிவு. ஜால்ரா போர்வைக்குள்ளிருந்து கேட்டது.

ரெண்டாம்பாதி:
குமிழ் பூஜ்யத்தில் இருந்தும் 'ஸ்ஸ்' என்று இரைந்த செட் என்னுடையது. இரைச்சல் குமிழுக்குப் பின்னால் உள்ள வால்விலிருந்து வருவது. இன்புட்டில் ரெசிஸ்டர் போட்டுப் பயனில்லை. கேத்தோடு ஃபாலோயர் (அவுட்புட் இம்பிடன்ஸைக் குறைக்கும் கடைசி வால்வு நிலை) இருந்ததால் பவர் ஆம்ப் பக்கத்து பிளக்குக்குள்ளேயே 22 கிலோ ஓம் தொடரில், 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. 10 டெசிபெல் சொச்சம் குறைந்தது, இரைச்சலும் சேர்ந்தே. ஆனால் மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போனது: அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட், லோடு இப்போது 31 கிலோ ஓம், 50 ஹெர்ட்ஸிலேயே சரிவு. 1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் ஃபிலிம் போட்டதும் திரும்பி வந்தது. ஃபாலோயர் இல்லாத செட்டில் இந்த 22/10 வேண்டாம்.

ஹீட்டர்:
கெயின் குறைந்த 12ஏயூ7 வால்வைச் செருகினால் தீராதா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பின் அமைப்பும் ஹீட்டரும் ஒன்றுதான், கெயின் 15 பக்கம் வரும். ஆனால் அதே 100 கிலோ ஓமில் பிளேட் வோல்டேஜ் 100க்குக் கீழே படுத்துவிடும். பிளேட்டில் 47 கிலோ ஓம், 1 வாட் மாற்றி அளந்து பாருங்கள். 6922 வால்வை மட்டும் அதில் செருகாதீர்கள். 4, 5 பின்னில் அதற்கு 6.3 வோல்ட்தான், 12.6 கொடுத்தால் ஹீட்டர் போய்விடும். கேட்காவிட்டாலும் இன்னொன்று: ஸ்விட்ச் அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 250 வோல்ட் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் மாட்டி, ஒரு கையால் மட்டும் இறக்குங்கள். மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே காட்டிய பிறகே சால்டரிங் அயர்ன்.