புதுப்பிப்பு: ரெப்கோ நாடா இணைப்பில் அதிக மின்தடை, காரணம் கிடைத்தது

4 மி.மீ. அகல ரெப்கோ நாடாவில் (கடுங்குளிரில் மின்தடையின்றிக் கடத்தும் மீக்கடத்திப் பட்டை) இரு துண்டுகளை 5 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டிய இணைப்பு, திரவ நைட்ரஜனில் 1.4 மைக்ரோ ஓம் காட்டுவது ஏன் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

“எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, பாருங்கள்” என்றவர் சொன்னதுதான் சரி. மீக்கடத்தி அடுக்கு நாடாவின் ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. ஒரு துண்டு புரண்டு, அதன் ஹாஸ்டெல்லாய் (மின்தடை மிகுந்த நிக்கல் உலோகக்கலவை) முதுகு ஒட்டப்பட்டிருந்தது. மின்னோட்டம் விளிம்புச் செம்பைச் சுற்றித்தான் வந்தது. புதுத் துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, 183 டிகிரியில் உருகும் வெள்ளீய-ஈயப் பற்றாசால் 200 டிகிரியில் ஒட்டியதும் 28 நானோ ஓம். அதிகம் சூடாக்கினால் ஆக்ஸிஜன் வெளியேறி மீக்கடத்தியே கெடும்.

எதிர்பாராதது: 60 ஆம்பியரில் இணைப்பின் குறுக்கே கிடைப்பது 1.7 மைக்ரோவோல்ட்தான். அளவீட்டுக் கம்பிகளில் வெப்பநிலை வேறுபாட்டால் உண்டாகும் வெப்ப மின்னழுத்தம் அதை மூழ்கடித்தது. மின்னோட்டத்தைத் திருப்பினாலும் அது திரும்பாது. மின்னோட்டத் திசையை மாற்றி இன்னொரு முறை அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுத்த பிறகே எண் நிலைத்தது.