கவுனுக்கு முன்னால் ஷெமீஸ்

மூன்று வருடங்களுக்கு முன் ‘ரோப் அ லா ஃபிரான்சேஸ்’ ஒன்று தைத்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மேட்டுக்குடிப் பெண்கள் உடுத்திய, முதுகில் கொசுவம் வைத்த கவுன். வெட்டு அந்தக் காலத்து வெட்டு, பட்டும் நல்ல பட்டு. ஆனால் போட்டுப் பார்த்தால் மார்புப் பக்கம் சுருங்கிக்கொண்டது, இரண்டு பக்கமும் துணி தரையில் புரண்டது. கவுனில் தப்பில்லை. உள்ளே இருக்க வேண்டியது எதுவும் இல்லை, அதுதான் தப்பு.

அப்புறம் உள்ளிருந்து தொடங்கினேன். கார்சோ என்பவர் 1769-ல் தையற்கலை பற்றியும் 1771-ல் உள்ளாடைகள் தைக்கும் பெண்களின் தொழில் பற்றியும் எழுதிய நூல்கள் வரைபடங்களோடு இருக்கின்றன. அவைதான் எனக்கு வழிகாட்டி.

முதலில் ஷெமீஸ். உடம்போடு ஒட்டி இருக்கும் லினன் சட்டை. கழுத்தைத் தவிர எல்லாம் செவ்வகமும் முக்கோணமும்தான், துணி வீணாவதே இல்லை. அக்குளில் உள்ளங்கை அளவு சதுரத் துண்டு ஒன்று வரும். கையைத் தூக்கினால் சட்டை கிழியாமல் காப்பது அதுதான். அதன் மூலையைச் சரியாகப் பிடிக்க நான் மூன்று முறை பிரித்துத் தைத்தேன். (இதற்குக் கீழே ஜட்டி மாதிரி எதுவும் அன்று பெரும்பாலான பெண்கள் போட்டதில்லை.)

அடுத்து ‘கோர் அ பலேன்’, விறைப்பான உள்கச்சு. அதற்கு விறைப்பைத் தரும் பலேன் என்பது திமிங்கலத்தின் எலும்பு இல்லை, அதன் வாயில் சீப்புப் போலத் தொங்கும் தகடு. அதற்குப் பதிலாக நான் ஒயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளான கேபிள் டைகளில் அகலமானவற்றை வெட்டி, முனைகளை மழுக்கி, இரண்டு லினன் துணிகளுக்கு நடுவே வரிவரியாகத் தைத்த குழாய்களில் நுழைத்தேன். முதுகில் இருக்கும் துளைகள் நேருக்கு நேராக இருக்காது. மாறி மாறி இருக்கும், ஒரே கயிறு சுருளாக ஏறும். உலோக வளையம் கிடையாது, ஒவ்வொன்றையும் காஜா எடுப்பதுபோல நூலால் சுற்ற வேண்டும். என் விரல் நுனி ஒரு மாதம் மரத்துக் கிடந்தது.

மூச்சு முட்டுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு முட்டவில்லை. உடம்பைக் கூம்பாக்கி மார்பைத் தூக்கிப் பிடிப்பதுதான் அதன் முக்கிய வேலை. குனியத்தான் முடியாது. கீழே விழுந்த கத்தரிக்கோலை முழங்காலை மடக்கித்தான் எடுத்தேன்.

இடுப்பின் இருபுறமும் ‘பன்னியே’, அதாவது பாவாடையைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்கும், பிரம்பு வளைத்த கூடு. அதனோடு நாடாவில் கட்டித் தொங்கும் இரண்டு பைகள். பாவாடையின் பக்கவாட்டுத் திறப்பில் கைவிட்டால் எட்டும். பாட்டி இடுப்பில் செருகிய சுருக்குப் பைதான் நினைவுக்கு வந்தது.

கடைசியில் அதே கவுன். பின்பக்க உள்துணியில் உள்ள கயிற்றை மட்டும் கொஞ்சம் இறுக்கினேன். முன்பக்கத்து முக்கோணத் துண்டைக் குண்டூசியால்தான் பொருத்துவார்கள். ஊசி கச்சின் விறைப்பிலேயே நின்றுவிடும், உடம்பில் குத்தாது. கடைசிக் குண்டூசியைச் செருகிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். முதுகுக் கொசுவம் தோளிலிருந்து தரைவரை ஒரே கோடாக இறங்கியிருந்தது.