புதுத் தண்ணீரில் மீன் படுமா?

குழு: வளவுக்காரர்
ஒக்டோபர், வியாழக்கிழமை

தம்பி – மாலை 6.12
மாமா, நேற்றும் இன்றும் நல்ல மழை. சனிக்கிழமை உன்னிச்சைக் குளத்துக்கு வரட்டுமா? புதுத் தூண்டில் வாங்கியிருக்கிறேன். கம்பு, ரீல் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டி.

அக்கா – 6.14
விலையை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிவிடாதே.

அம்மா – 6.15
நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரிய மாமா – 6.38
வா மனே, வீட்டுக்கு வா. குளத்துக்கு வேண்டாம். மழை பெய்தால் மீன் படும் என்று உனக்கு யார் சொன்னது? நீ போன மாதம் வந்திருக்க வேண்டும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து, புரட்டாதியில் குளம் சட்டி மாதிரிக் கிடந்தது. மீன் முழுக்கப் பள்ளத்தில் ஒதுங்கி நின்றது. வலை போட்டவனுக்கும் பட்டது, தூண்டில் போட்டவனுக்கும் பட்டது. இப்போது தண்ணீர் அலைகரைப் புல்லுக்குள் ஏறிவிட்டது. மீனும் அதோடு ஏறிப் பரந்துவிட்டது.

தம்பி – 6.40
தண்ணீர் கூடினால் மீனும் கூடும்தானே?

பெரிய மாமா – 6.43
மீன் அதே மீன்தான். நாலு துண்டு மீனை அண்டாவில் போட்டு அகப்பையால் துழாவிப் பார், தெரியும்.

மச்சான் (அம்பாறை) – 6.51
இங்கேயும் அப்படித்தான். இங்கினியாகலைப் பக்கம் காலையில் போய் வந்தேன். சேனாநாயக்க சமுத்திரம் இரண்டு நாள் மழைக்கெல்லாம் அசையாது, நாட்டிலேயே பெரிய குளம் இல்லையா. ஆனால் கல் ஓயாவால் வருகிற தண்ணீர் சாயத் தேநீர் நிறத்தில் வருகிறது. வள்ளக்காரர் இரண்டு பேர் அரைக் கூடையோடு திரும்பினார்கள்.

கனடா அண்ணா – 7.05
இங்கே காலை 9.35, வேலைக்கு வந்துவிட்டேன். மாமா, இங்கேயும் இந்த மாதத்தில் ஏரியில் சில நாள் ஒன்றும் கடிக்காது. மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே போகும், அடித் தண்ணீர் மேலே வரும். 4 பாகையில்தான் தண்ணீருக்குக் கனம் அதிகம். ஏரி முழுக்கக் கலங்கி அடங்கும்வரை மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்றே தெரியாது.

பெரிய மாமா – 7.16
இங்கே குளிர் இல்லை, வேறு விதத்தில் நடக்கும். முதல் மழை காட்டில் உள்ள சாம்பல், சருகு, மாட்டுச் சாணம் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு குளத்துக்குள் வரும். அது அழுகுகிறபோது தண்ணீரில் உள்ள காற்றைத் தின்றுவிடும். அதோடு இரண்டு நாள் மூட்டமாக, காற்றும் இல்லாமல் இருந்தால், விடியற்காலையில் யப்பான் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். நேற்று 5 மணிக்குக் குளக்கட்டில் நின்று பார்த்தேன், கரை நீளத்துக்கும் சின்னச் சின்ன வட்டம். அந்த நேரத்தில் அதன் மூக்குக்கு முன்னால் புழுவை ஆட்டினாலும் திரும்பிப் பார்க்காது. மூச்சுக்குத் தவிக்கிறவன் சோறு கேட்பானா?

தம்பி – 7.18
யப்பானில் இருந்து வந்த மீனா மாமா அது?

கனடா அண்ணா – 7.20
திலாப்பியாவடா. சொந்த ஊர் ஆப்பிரிக்கா. இலங்கைக்கு 1952 இல் கொண்டு வந்தார்கள். யப்பான் என்ற பேர் எப்படி ஒட்டியதோ.

அக்கா – 7.21
சந்தையில் கோல்டன் என்று விற்கிறான். பேரைப் பார்த்து நானும் வாங்கினேன்.

தம்பி – 7.25
அண்ணா, அங்கே ட்ரவுட் பிடிக்கிறீர்களா? வீடியோவில் பார்த்தால் ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறார்கள்.

கனடா அண்ணா – 7.31
ஒன்ராறியோவில் ட்ரவுட் ஓடைகள் நிறையச் செப்டம்பர் 30 உடன் மூடிவிடும். அது இலையுதிர் காலத்தில் முட்டை இடுகிற மீன், அதனால். போர்ட் ஹோப் என்ற ஊரில் ஆற்றுக்கு நடுவே மீன் ஏறப் படி கட்டி வைத்திருக்கிறார்கள். போன மாதம் பிள்ளைகளோடு போனோம். உன் தொடை மொத்தச் சாமன் மீன் ஏரியில் இருந்து ஏறிப் போகிறது. சும்மா நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

மச்சான் (அம்பாறை) – 7.33
நுவரெலியாப் பக்கமும் ட்ரவுட் இருக்கிறது என்றார்களே?

கனடா அண்ணா – 7.35
வெள்ளைக்காரன் 1880களில் கொண்டு வந்து விட்டது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் வானவில் ட்ரவுட் இன்றும் இருக்கிறது. குளிர் தண்ணீர் இல்லாமல் அது நிற்காது.

பெரிய மாமா – 7.37
உன்னிச்சையில் விட்டால் கரைக்கு வர முன்னமே அவிந்துவிடும்.

பெரிய மாமா – 7.52
சட்டம் போட்டு மூடுகிறார்கள் என்றாயே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? இன்று பின்னேரம் வாய்க்கால் மூலையில் விரால் பார்ப்பு ஒன்று கண்டேன். தூரத்தில் பார்த்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் மழை தூறுகிற மாதிரி இருக்கும். கிட்டப் போனால் நெருப்புக்குச்சி நீளத்தில் நூற்றுக்கணக்கான செங்குஞ்சுகள். மொத்தமாக மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு மொத்தமாகக் கீழே போகும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அந்த நேரம் அவை இரைக்காகக் கடிப்பதில்லை. குஞ்சுக்கு மேலே எது விழுந்தாலும் கோபத்தில் அடிக்கும். அது தெரிந்தே ஒரு பொடியன் தவளையைக் கொளுவி அந்தக் கூட்டத்துக்கு நடுவே தட்டித் தட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது தட்டில் விரால் ஏறிவிட்டது. கிலோவுக்கு மேல் இருக்கும். பிறகு நான் அரை மணித்தியாலம் அங்கேயே நின்றேன். குஞ்சு சிதறிவிட்டது, கெளுத்தி வந்து பொறுக்கிக்கொண்டு போனது.

நான் – 7.55
அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லையா மாமா?

பெரிய மாமா – 7.58
சொன்னேன். "நீங்கள் அந்தக் காலத்தில் பிடிக்கவில்லையா?" என்று கேட்டான். பிடித்தேன்தான். அதுதான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

மாமி – 7.59
வந்து சாப்பிடாமல் படுத்தவர்தான். இப்போது எழும்பி எழுதுகிறார்.

மச்சான் (அம்பாறை) – 8.04
அப்பா, தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையையும் சொல்லுங்கள். தடை என்று எல்லாருக்கும் தெரியும், வலை மட்டும் கிடக்கிறது.

பெரிய மாமா – 8.10
ஓம். குளத்தில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலை போடக்கூடாது என்பது சும்மா வைத்த கணக்கு இல்லை. கட்லாவும் ரோகுவும் எங்கள் குளத்தில் தானாகப் பெருகாது, மீனவர் சங்கம் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்க வேண்டும். சின்னக் கண் வலைக்காரன் அதை விரல் நீளத்திலேயே அள்ளுகிறான். தப்பியதில் பாதி, குளம் நிறைந்து வான் பாய்கிறபோது தண்ணீரோடு கீழே போய்விடும்.

தம்பி – 8.12
அப்படியென்றால் வானுக்குக் கீழே நின்று வீச்சு வலை எறியலாமே?

அம்மா – 8.12
நிற்க மாட்டாய்.

அத்தான் – 8.15
கிட்டங்கியில் இப்போதே வலையோடு ஆள் நிற்கிறது. ஆற்றுவாழைச் செடி வந்து பாலத்தில் அடைந்திருக்கிறது, தண்ணீர் இன்னும் வீதிக்கு மேலால் ஏறவில்லை. ஏறினாலும் அவர்கள் நகர மாட்டார்கள்.

அம்மா – 8.17
2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு பிள்ளைகள் அள்ளுண்டு போனதை மறந்துவிட்டார்களா? எனக்கு நவம்பர் என்றாலே 78 சூறாவளிதான் ஞாபகம் வரும். இதில் முதலை வேறு.

அக்கா – 8.20
மட்டக்களப்பு வாவியிலும் தண்ணீர் நிறம் மாறிவிட்டது. களுவாஞ்சிகுடிப் பக்கம் உப்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் எப்போது வெட்டுவார்களாம்?

அத்தான் – 8.23
அந்தச் சண்டை இன்னும் தொடங்கவில்லை. வயல் தாழ்கிறது, வெட்டு என்று விவசாயி கேட்பான். இப்போதே வெட்டினால் மீனும் றாலும் கடலுக்குப் போய்விடும் என்று மீன்காரன் சொல்வான். என் வயலும் தாழ்வுதான், ஆகவே நான் யார் பக்கம் என்று கேட்க வேண்டாம்.

தம்பி – 8.26
சரி, என் தூண்டிலுக்கு ஒரு வழி சொல்லுங்கள் மாமா.

பெரிய மாமா – 8.41
சனி வேண்டாம், மூட்டமாகவே இருக்கும். ஞாயிறு காலை 6 மணிக்கு வயல் வாய்க்காலுக்குப் போவோம். கலங்கல் தண்ணீரில் கண்ணால் இரை தேடுகிற மீன் கடிக்காது. மீசையால் தடவித் தேடுகிறதுதான் கடிக்கும், கெளுத்தி, சுங்கான். பனையேறியும் படும், மழைக்குப் புல்லுக்குள்ளால் ஊர்ந்து ஏறுகிற சாதி அது. ரீலைப் பெட்டியிலேயே வை, கம்பு மட்டும் போதும். நாக்கிளிப் புழு வாழையடியில் நான் கிண்டி வைக்கிறேன். பார்ப்பு நிற்கிற மூலைக்கு நாங்கள் போவதில்லை, அதை இப்போதே சொல்லிவிட்டேன். இந்த மாதத்தில் மத்தியானம் திரும்பினால் இடி தொடங்கும், 10 மணிக்கு வீட்டில் நிற்க வேண்டும்.

அம்மா – 8.43
சுங்கான் முள்ளால் குத்தினால்?

பெரிய மாமா – 8.45
தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி. உன் மகனைக் கழற்ற விடமாட்டேன் தங்கச்சி, நான் கழற்றுகிறேன்.

மாமி – 8.47
பிடிப்பவர் பிடிக்கட்டும். சுங்கானைச் சாம்பல் போட்டு உரசித் தருவதென்றால் புளியாணம் வைக்கிறேன். வழுவழுவென்று அப்படியே கொண்டுவந்து குசினியில் போட்டால் திருப்பி வாய்க்காலில்தான் விடுவேன்.

தம்பி – 8.48
சாம்பலுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு.

மாமி – 8.49
இங்கே ஒரு டின் கிடக்கிறது. நீ ஆயித்தியமலை பஸ்ஸை மட்டும் விட்டுவிடாதே.